கபடி ஆடுற தங்கச்சிக்கு: ஞாயித்துக்கிழமை கையெழுத்து போட வேண்டாம்

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 23 வயசு, ஊரு தஞ்சாவூர் பக்கம், பேரு போட வேண்டாம். ஒன்பதாவது படிக்கும்போதுல இருந்து கபடி ஆடுறேன், லெஃப்ட் கார்னர்ல நின்னு ரைடர புடிக்குறவ, ஸ்டேட் ரெண்டு தடவ ஆடியிருக்கேன். தம்பியும் ஆடுறான், அவன போன வருஷம் புரோ கபடில ஒரு டீம் எடுத்துச்சு, வீட்டுக் கடன் பாதி அதுலதான் அடைஞ்சது. இந்தப் பொங்கலுக்குப் பக்கத்து ஊர் போட்டில ஆண்களுக்கு முதல் பரிசு 1 லட்சம், எங்களுக்கு 15 ஆயிரம். நுழைவுக் கட்டணம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவங்களுக்கு ராத்திரி லைட் போட்டு மேட்ல ஆட்டம், எங்களுக்கு மதியம் ரெண்டு மணிக்கு மண் தரையில. கேட்டா பொம்பளைங்க ஆட்டத்துக்கு கூட்டம் வராதும்மான்னு முடிச்சிட்டாங்க. இதுக்கு கேஸ் போட முடியுமா? இப்போ ஒரு தனியார் லீக்ல 3 வருஷ ஒப்பந்தம் குடுத்திருக்காங்க, முன்பணம் 40 ஆயிரம், ஒம்போது பக்கம் இங்கிலீஷ்ல இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும்ங்கறாங்க. போடலாமா? அப்பா போதும் கல்யாணம் பண்ணிக்கோங்கறார். அந்த லீக் டீமோட மேனேஜர் ராத்திரில மெசேஜ் பண்றார், அத பெருசு பண்ணாதன்னு சீனியர் அக்கா ஒருத்தங்க சொல்றாங்க.

பதில்: தங்கச்சி, நீ அக்கான்னு கூப்ட்டுட்ட, அதனால நானும் நீன்னே பேசுறேன். அவசரமானத முதல்ல சொல்லிடுறேன், ஞாயித்துக்கிழமை கையெழுத்து போடாத. முன்பணத்த இன்னும் வாங்கலன்னா வாங்காத, வாங்கியிருந்தா அத தொடாம அப்படியே பேங்க்ல வெச்சிரு. நான் மதுரைல பதினாறு வருஷமா வக்கீலா இருக்கேன், விளையாடுற பிள்ளைங்களோட ஒப்பந்தம் நிறைய படிச்சிருக்கேன், நாலு நாள்ல போடுன்னு நெருக்குற ஒப்பந்தத்துல எங்கயோ ஒரு பக்கத்துல அவங்க நீ படிக்கக் கூடாதுன்னு நினைக்கிற ஒரு வரி இருக்கும். உன்னோடதுல அது ஆறாம் பக்கத்துல இருக்கு.

அந்த வரிய தமிழ்ல சொல்றேன். ஒப்பந்தக் காலத்துல நீ கல்யாணம் பண்ணாலோ கர்ப்பமானாலோ ஒப்பந்தம் அன்னைக்கே முடிஞ்சுரும், முன்பணத்த ஒரு மாசத்துல வட்டியோட திருப்பித் தரணும். உன் தம்பி ஒப்பந்தத்த வாங்கிப் பாரு, கல்யாணம்ங்கற வார்த்தையே அதுல இருக்காது, நான் பார்த்த எந்த ஆண் வீரரோட ஒப்பந்தத்துலயும் இருந்ததில்ல. நம்ம நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872ல வந்தது, அதோட 26வது பிரிவு ரொம்ப சின்னது, மைனர் தவிர யாரோட கல்யாணத்தையும் தடுக்குற ஒப்பந்தம் செல்லாது, அவ்வளவுதான் அதுல இருக்கு. கல்யாணம் பண்ணா பணத்த திருப்பிக் குடுன்னு சுத்தி வளைச்சு எழுதினா அது தடை இல்லன்னு அவங்க வக்கீல் வாதாடுவார், வாதாடட்டும், ஆனா அந்த வாதத்த அவங்க கோர்ட்ல வெச்சு ஜெயிக்கணும், நீ பயந்துபோய் வீட்டுலயே தோத்துடக் கூடாது. ஏழாம் பக்கத்துல இருக்குற இன்னொண்ணு, 3 வருஷம் முடிஞ்ச பிறகும் 2 வருஷம் வேற எந்த லீக்லயும் ஆடக் கூடாதுங்கறது, அது 27வது பிரிவுல அடிபடும், ஒருத்தர் தொழில் பண்றத தடுக்குற ஒப்பந்தம் அந்த அளவுக்கு செல்லாது. ஒப்பந்தம் ஓடிட்டிருக்கும்போது வேற லீக்ல ஆடாதன்னு சொன்னா அது வேற, அத கோர்ட் பொதுவா ஒத்துக்கும். முடிஞ்ச பிறகு கட்டிப்போட முடியாது. 23ல கையெழுத்து போட்டா 28 வரைக்கும் உன் கால அவங்க கையில குடுக்குற மாதிரி ஆயிரும், கார்னர் ஆடுறவளுக்கு அந்த வருஷங்கள் திரும்பி வராதுன்னு உனக்கே தெரியும்.

கர்ப்பம் விஷயத்துல நான் உன்கிட்ட நேர்மையா ஒண்ணு சொல்லணும். 1981ல ஏர் இந்தியா வழக்குல உச்ச நீதிமன்றம், முதல் தடவ கர்ப்பமானாலே வேலைய விட்டு எடுக்குற விதிய ரத்து பண்ணுச்சு, ஆனா அது அப்போ அரசு நிறுவனம், தனியார் லீக்குக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே ஒட்டாது. அதுவும் போக உன் ஒப்பந்தத்துல மூணாம் பக்கத்துல நீ ஊழியர் கிடையாது, சுயமா தொழில் பண்றவன்னு எழுதி வெச்சிருக்காங்க, அது எதுக்குன்னா பேறுகால சலுகை, பி.எஃப் இதெல்லாம் கேட்டுட்டு நீ வந்துடக் கூடாதுன்னுதான். எழுதினா மட்டும் அது உண்மை ஆயிடாது, அவங்க சொல்ற நேரத்துக்கு வந்து அவங்க சொல்ற இடத்துல தங்கி அவங்க சொல்ற டிரஸ்ஸ போட்டு ஆடினா அது வேலைதான்னு வாதாடலாம், ஆனா அது வருஷக்கணக்குல இழுக்குற வாதம், அதனால முன்னாடியே எழுத்துல மாத்தி வாங்குறதுதான் உனக்கு நல்லது. மாத்த மாட்டாங்கன்னு நினைக்காத. ஐஸ்லாந்து ஃபுட்பால் கேப்டன் சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர் கர்ப்பமா ஊருக்குப் போனப்போ பிரான்ஸ்ல லியோன் கிளப் அவங்களுக்கு முழு சம்பளம் குடுக்கல, அவங்க உலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபாவோட தீர்ப்பாயத்துக்குப் போனாங்க, 82 ஆயிரம் யூரோவுக்கு மேல குடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்துச்சு. அவங்களால அத கேட்க முடிஞ்சதுக்கு காரணம் 2021 ஜனவரில ஃபிஃபா ஒரு விதி கொண்டு வந்திருந்தது, குறைஞ்சது 14 வாரம் லீவு, மூணுல ரெண்டு பங்கு சம்பளம். எழுத்துல இருந்ததாலதான் கேட்க முடிஞ்சது. கபடில அப்படி ஒரு விதிய நான் இன்னும் பார்க்கல, அதனால உன் ஒப்பந்தத்துல இருக்குற வரிதான் உனக்கு விதி.

இன்னும் ஒண்ணு, அடிபட்டா யாரு பாக்குறதுன்னு ஒம்போது பக்கத்துல நான் படிக்க முடிஞ்ச வரைக்கும் ஒரு வரி கூட இல்ல. கணுக்கால புடிக்குற வேலை உன்னுது, ரைடர் உதறிட்டு கோட்டப் பார்த்து பாயும்போது முட்டி லிகமெண்ட் போச்சுன்னா ஆபரேஷன் லட்சத்துல போகும், திரும்பி ஆட வர ஒம்போது மாசத்துலருந்து ஒரு வருஷம் ஆகும். திரும்பி ஓடி நிறுத்தி ஆடுற விளையாட்டுல அந்த லிகமெண்ட் கிழியுறது பொண்ணுங்களுக்கு ஆண்கள விட அதிகம்னு விளையாட்டு டாக்டருங்க ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க, அதனால இன்சூரன்ஸ் எவ்வளவு, பிசியோ செலவு யாருது, ஆடாத மாசத்துக்கு பணம் உண்டா, இந்த மூணும் எழுத்துல வரணும். அதோட இந்த லீக்க நம்ம கபடி சங்கம் அங்கீகரிச்சிருக்கா இல்லையான்னு லெட்டர்ல கேளு, வாயால சொல்றத நம்பாத, ஏன்னா அங்கீகாரம் இல்லாத லீக்ல ஆடிட்டு அப்புறம் ஸ்டேட் செலக்‌ஷன்ல நிக்க விடாம அலைஞ்ச பிள்ளைங்கள பார்த்திருக்கேன். ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்குப் போறதுக்கு வேண்டிய ஃபார்ம் சர்டிபிகேட்டும் அங்கீகரிச்ச போட்டிக்குத்தான் வரும். நீ வேலைக்கு எழுதுற ஆளுன்னா 40 ஆயிரத்த விட அந்த ஃபார்ம் பெரிசு.

சரி, இப்போ பரிசுத் தொகை. கேஸ் போட முடியுமான்னு கேட்டிருக்க. அந்தப் பொங்கல் கமிட்டி மேல நேரா ஜெயிக்குற மாதிரி கேஸ் இல்லம்மா. சம வேலைக்கு சம ஊதியம்னு 1976லயே சட்டம் வந்துச்சு, இப்போ அது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, ஆனா ரெண்டுமே முதலாளி தொழிலாளிக்கு குடுக்குற சம்பளத்தப் பத்திதான் பேசுது, ஊர்க்காரங்க வசூல் பண்ணி வெக்கிற பரிசு அதுக்குள்ள வராது. இத சொல்லும்போது எனக்கு வருத்தமாத்தான் இருக்கு, ஆனா பொய்யா தைரியம் சொல்லி உன்ன கோர்ட்டுக்கு அலைய விட மாட்டேன்.

ஆனா அவங்க சொன்ன காரணம் இருக்கு பாரு, கூட்டம் வராதுன்னு, அதுல எனக்கு நிறைய பேச வேண்டியிருக்கு. 1920 டிசம்பர் 26ஆம் தேதி இங்கிலாந்துல லிவர்பூல்ல குடிசன் பார்க் மைதானத்துல ஒரு பொம்பளைங்க ஃபுட்பால் ஆட்டம் நடந்துச்சு, டிக் கெர் லேடீஸ்னு ஒரு டீம், எல்லாம் ஃபேக்டரில வேலை பார்த்த பொண்ணுங்க, பார்க்க வந்தவங்க 53 ஆயிரம் பேர், இடம் இல்லாம வெளியவே ஆயிரக்கணக்குல நின்னாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி தங்கச்சி. அடுத்த வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி அங்க இருக்குற ஃபுட்பால் சங்கம் என்ன பண்ணுச்சுன்னா, ஃபுட்பால் பொம்பளைங்களுக்கு ஏத்த ஆட்டம் கிடையாதுன்னு தீர்மானம் போட்டு, தன் கட்டுப்பாட்டுல இருக்குற கிளப் மைதானம் எதையும் அவங்களுக்குத் தரக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அந்தத் தடை ஏறக்குறைய அம்பது வருஷம் இருந்துச்சு. மைதானத்த புடுங்கிட்டு, ரெண்டு தலைமுறைய வெளிய நிக்க வெச்சிட்டு, அப்புறம் பொம்பளைங்க ஆட்டத்துக்கு கூட்டம் இல்லன்னு சொல்லிட்டாங்க. மதியம் ரெண்டு மணிக்கு தஞ்சாவூர் வெயில்ல மண் தரையில உங்கள ஆட விட்டுட்டு கூட்டம் வரலங்கறவங்க பண்றதும் அதேதான். அந்த நேரத்துக்கு ஆண்கள் ஆட்டத்த வெச்சாலும் பந்தல்ல நாலு பேர்தான் உக்காந்திருப்பாங்க.

நம்ம கபடியவே எடுத்துக்கோ. 2010ல குவாங்சோ ஆசிய விளையாட்டுலதான் முதல் தடவ பெண்கள் கபடி வந்துச்சு, நம்ம டீம் தங்கம், 2014 தங்கம், 2018ல ஈரான்கிட்ட தோத்து வெள்ளி, 2023ல ஹாங்சோல சீன தைபே கூட 26க்கு 25னு ஒரே ஒரு பாயிண்ட்ல மறுபடி தங்கம். அந்த ஃபைனல் பார்த்த யாராவது பொம்பளைங்க ஆட்டம் சுவாரசியமா இல்லன்னு சொல்வாங்களா. புரோ கபடி 2014ல ஆரம்பிச்சது, ஆண்களுக்கு பன்னெண்டு சீசன் ஓடிருச்சு. பெண்களுக்கு 2016ல ஒரே ஒரு தடவ மூணு டீம வெச்சு நடத்தினாங்க, அந்த ஃபைனலும் ஒரு பாயிண்ட்லதான் முடிஞ்சது, அதோட நிறுத்திட்டாங்க. 2023 ஏலத்துல பவன் ஷெராவத்துக்கு 2 கோடியே 60 லட்சம் குடுத்தாங்க, அவர் பெரிய ரைடர், அந்தப் பணம் அவருக்குத் தகும், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அதே வருஷம் ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின பொண்ணுங்களுக்கு ஏலம் போக ஒரு மேடையே இல்லையேங்கறதுதான் என் ஆதங்கம்.

கிரிக்கெட்ல என்ன நடந்துச்சுன்னு பாரு. 2005 உலகக் கோப்பைல ஃபைனல் வரைக்கும் போன நம்ம பெண்கள் டீமுக்கு ஒரு மேட்சுக்கு ஆயிரம் ரூபாதான் கிடைச்சதுன்னு அப்போ கேப்டனா இருந்த மித்தாலி ராஜே சொல்லியிருக்காங்க. 2022 அக்டோபர்ல கிரிக்கெட் போர்டு ஒரு முடிவு எடுத்துச்சு, டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒரு நாள் மேட்சுக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணு. அடுத்த ஜனவரில பெண்கள் ப்ரீமியர் லீக்ல அஞ்சு டீம 4,669 கோடிக்கு மேல வித்தாங்க, அப்போ அந்த லீக்ல ஒரு பந்து கூட போடல, ஒரு டிக்கெட் கூட விக்கல. கூட்டம் வந்த பிறகு பணம் போடல, பணம் போட்டு நல்ல நேரத்துல நல்ல மைதானத்துல டிவில காட்டினதால கூட்டம் வந்துச்சு. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பைல உலகக் கோப்பை ஜெயிச்சப்போ நிரம்பி வழிஞ்ச ஸ்டேடியத்த நீயும் டிவில பார்த்திருப்ப. அதுக்காக அங்க எல்லாம் சரியாயிருச்சுன்னு நான் சொல்லல, மேட்ச் ஃபீஸ்தான் சமம், வருஷ ஒப்பந்தத்துல பெண்கள்ல மேல இருக்குற கிரேடுக்கு 50 லட்சம்னு இருந்தப்போ ஆண்கள்ல மேல இருந்தவங்களுக்கு 7 கோடி. ஆனா ஒரு முடிவுல எவ்வளவு மாறும்னு அது காட்டிருச்சு. நம்ம பக்கத்துலயே பாரு, 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில கபடி தங்கம் வாங்கிட்டு வந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் நம்ம அரசு ஆளுக்கு 25 லட்சம் குடுத்துச்சு. பொண்ணுக்கு ஒரு தொகை பையனுக்கு ஒரு தொகைன்னு யாரும் யோசிக்கல. வடுவூர் உனக்குத் தூரமில்ல, அடுத்த தடவ கமிட்டில கூட்டம் வராதுன்னு சொன்னா அந்தக் கணக்க எடுத்து வை.

நான் காலேஜ்ல பூப்பந்தாட்டம் ஆடினவ. ஒரு வருஷம் ஜோனல் போறதுக்கு பையன்களுக்கு ஷூ வாங்கிக் குடுத்துட்டு எங்கள இருக்குறத போட்டுட்டு வாங்கன்னாங்க, நான் பாட்டா கம்பெனியோட பழைய கேன்வாஸ் ஷூவ போட்டுட்டு போனேன், பணம் இல்லன்னு எல்லாரும் நம்பிட்டோம். வக்கீலானதுக்கு அப்புறம் நம்மள மாதிரி ஒரு டீமுக்காக கணக்கு கேட்டு வாங்கிப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, பணம் வந்திருக்கும், எந்தத் தலைப்புல செலவு பண்ணலாம்னு ஒருத்தர் எழுதி கையெழுத்து போட்டிருப்பார். அதனால நான் யாருக்கு சொன்னாலும் இதத்தான் சொல்றது, பேப்பரக் கேளு.

நீ பண்ண வேண்டியது இதுதான். தீபிகா பள்ளிக்கல் ஸ்குவாஷ்ல தேசிய போட்டில பரிசு சமமா இல்லன்னு நாலு வருஷம் ஆடவே போகல, ஆண்களுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், பெண்களுக்கு 50 ஆயிரம்னு இருந்துச்சு, 2016ல சமம் ஆக்கினாங்க, அப்போதான் திரும்பி வந்தாங்க. பெரிய விஷயம், ஆனா அவங்களுக்கு உலகம் பூரா ஆட வேற போட்டி இருந்துச்சு. உனக்கு இந்தப் பொங்கல் போட்டியும் சித்திரைத் திருவிழா போட்டியும்தான் இருக்கு, நீ ஒருத்தி வரலன்னா வேற டீம கூப்பிட்டுப்பாங்க, அதனால தனியா புறக்கணிக்காத. அமெரிக்கா பெண்கள் ஃபுட்பால் டீம் 2019 மார்ச் 8ல சம சம்பளம் கேட்டு கேஸ் போட்டப்போ 28 பேரும் சேர்ந்து போட்டாங்க, 28ல ஒருத்திய தள்ளி வெக்க முடியும், 28 பேரையும் தள்ளி வெச்சா ஆட ஆளில்ல. நடுவுல ஒரு ஜட்ஜ் சம்பளக் கோரிக்கைய தள்ளுபடியே பண்ணார், இருந்தும் 2022ல 24 மில்லியன் டாலருக்கு சமரசம் ஆச்சு. உங்க பக்கத்துல பெண்கள் டீம் ஒரு ஏழெட்டு இருக்கும்ல, அந்த கேப்டன்களோட ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பி, அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி கமிட்டிக்கு ஒரே லெட்டர், எல்லாரும் கையெழுத்து. ஆண்கள் ஆடுற அதே மேட், ராத்திரில குறைஞ்சது அரையிறுதியும் ஃபைனலும், டிரஸ் மாத்த மறைவான இடம், டாய்லெட், நுழைவுக் கட்டணம் ஒண்ணுன்னா பரிசும் ஒண்ணு, இல்ல பரிசு குறைச்சல்னா கட்டணமும் அதே கணக்குல குறைச்சல். நோட்டீஸ் அடிச்ச பிறகு கேட்டா அடுத்த வருஷம் பாக்கலாம்னு முடிச்சிருவாங்க.

அந்த லெட்டர்ல உன் தம்பி கையெழுத்தும் வேணும். அவன ஒதுக்கி வெச்சிட்டு பேசாத, அவன் மேல உனக்கு கொஞ்சம் கோபம் இருக்குன்னு உன் லெட்டர்லயே தெரியுது, இருக்கத்தான் செய்யும். 2017ல நார்வேல ஆண்கள் ஃபுட்பால் டீம் தங்களுக்கு வர்ற விளம்பரப் பணத்துல 5 லட்சத்து 50 ஆயிரம் குரோனர் விட்டுக் குடுத்ததாலதான் பெண்கள் டீமுக்கு சம தொகை ஆச்சு. உன் தம்பி பணம் எதுவும் விட வேண்டாம். புரோ கபடி ஆடின பையன் ஊர்ல வந்து நின்னா கமிட்டி சேர் போட்டு உக்கார வைப்பாங்கள்ல, அந்த சேர்ல உக்காந்து எங்க அக்கா ஆட்டம் லைட்ல நடந்தா நான் வந்து பரிசு குடுக்குறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

இப்போ அந்தக் கடைசி வரி. போற போக்குல எழுதின மாதிரி எழுதியிருக்க, ஆனா அத எழுதத்தான் மொத்த லெட்டரையும் எழுதினியோன்னு எனக்குத் தோணுச்சு. மேனேஜர் மெசேஜ அழிக்காத, ஒண்ணையும் அழிக்காத. தேதியும் நம்பரும் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பி வெய்யி, ப்ராக்டீஸ் டைம் தவிர எதுக்கும் பதில் போடாத. 2013ல வந்த பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஆபீசுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அதுல பணியிடம்னா என்னன்னு சொல்ற இடத்துல விளையாட்டுப் பயிற்சி மையம், ஸ்டேடியம், போட்டி நடக்குற இடம் எல்லாத்தையும் பேர் சொல்லியே எழுதியிருக்காங்க. லீக்ல புகார்க் கமிட்டி இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு, கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற சமூக நலத்துறைல கேட்டா சொல்வாங்க. நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், நியாயமான காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிப்பாங்க, அதனால பெருசு பண்ணாதன்னு சொல்றவங்க பேச்சக் கேட்டு நாள கடத்தாத. அந்த சீனியர் அக்காவ நான் திட்ட மாட்டேன், அவங்களும் இதையெல்லாம் தாண்டித்தான் வந்திருப்பாங்க, பேசினா டீம்ல இடம் போயிரும்னு அவங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. 2023ல டெல்லில மல்யுத்த சங்கத் தலைவர் மேல பாலியல் புகார் சொல்லி, வினேஷ் போகத், சாக்‌ஷி மாலிக் மாதிரி உலக மெடல் வாங்கின மல்யுத்த வீராங்கனைங்களே ஜந்தர் மந்தர்ல நடுரோட்டுல படுத்துக் கிடந்து, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன பிறகுதான் எஃப்.ஐ.ஆர் பதிவாச்சு. அவங்களுக்கே அப்படின்னா ஊர்ல இருக்குற பிள்ளைங்க ஏன் வாயத் திறக்கலன்னு எனக்குப் புரியுது, புரியுறதாலதான் உனக்கு இவ்வளவு எழுதுறேன். நீ புகார் குடுக்குறதும் குடுக்காததும் உன் முடிவு, எப்போ வேணாலும் குடுக்குற நிலைமைல உன்ன வெச்சுக்கோ, அவ்வளவுதான் நான் கேட்கறது.

அப்பாகிட்ட சண்டை போடாத. பொண்ணு ஆடி அடிபட்டுட்டு கையில ஒண்ணும் இல்லாம உக்காந்துடுவாளோன்னு பயப்படுறார், 15 ஆயிரத்தையும் 1 லட்சத்தையும் அவரும் பார்த்துட்டுதான இருக்கார். அவர ஒரு நாள் கூட்டிட்டு வா, ஒப்பந்தத்துல இன்சூரன்ஸ் வந்துச்சுன்னா, ஃபார்ம் சர்டிபிகேட்டு வெச்சு எந்தெந்த வேலைக்கு எழுதலாம்னு தெரிஞ்சுச்சுன்னா பேச்சு மாறும்.

லீக்காரங்களுக்கு இன்னைக்கே ஒரு மெசேஜ் போடு, வக்கீல்கிட்ட காட்டியிருக்கேன், பதினஞ்சு நாள் டைம் வேணும், தமிழ்ல ஒரு பிரதி வேணும்னு. அதுல கோபப்பட்டு வேணாம்னு போயிட்டாங்கன்னா போகட்டும். ஆறு, ஏழாம் பக்கத்துக்கு மாத்து வரிகள நான் எழுதி அனுப்புறேன், அதுக்கு எனக்கு பணம் எதுவும் வேண்டாம். எட்டாம் பக்கத்துல போட்டோ, வீடியோ உரிமைன்னு ஏதோ இருக்கு, நீ எடுத்த படத்துல கீழ்ப் பாதி மடிஞ்சு போயிருக்கு, வெளிச்சத்துல வெச்சு மறுபடி எடுத்து அனுப்பு.